ஊர் எழுந்தது: ஸ்பானிய ‘மக்கள்’ சொற்களும் ஆங்கிலமும்

1476ஆம் ஆண்டு ஏப்ரலில், ஸ்பெயினின் கோர்தோபா பகுதியிலுள்ள ஃபுவெந்தே ஒவெஹூனா என்ற ஊர் மக்கள், தங்களை வதைத்துவந்த ஃபெர்னான் கோமெஸ் தே குஸ்மானை அவன் மாளிகைக்குள் புகுந்து கொன்றார்கள். கலத்ராவா என்ற சமயப் படை அமைப்பின் தலைவர்களில் ஒருவன் அவன். விசாரிக்க வந்த நீதிபதி பலரையும் சித்திரவதை செய்து, கொன்றது யார் என்று கேட்டார். ஒருவரும் ஆள் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் ஊரின் பெயரையே சொன்னார்கள். லோபே தே வேகா இதை நாடகமாக எழுதினார். 1619இல் அது அச்சில் வந்தது. 1930களில் கவிஞர் லோர்காவின் ‘லா பர்ராகா’ நாடகக் குழு அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நடித்தது.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல முனைபவர் முதல் வரியிலேயே திணறுகிறார். கொன்றது ‘புவெப்லோ’. இந்த ஒற்றை ஸ்பானியச் சொல் கிராமத்தைக் குறிக்கும். அங்கே வாழ்பவர்களைக் குறிக்கும். செல்வரும் அதிகாரியும் நீங்கலான எளிய சனத்தைக் குறிக்கும். ஒரு தேசத்தின் மக்கள் அனைவரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘வில்லேஜ்’ என்றால் இடம் மட்டும் நிற்கிறது. ‘பீப்பிள்’ என்றால் மண் நழுவிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் அங்கே கிடையாது.

தமிழ் வாசகருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. நம்மிடம் ‘ஊர்’ இருக்கிறது. “ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்கிறோம், “ஊரே திரண்டு வந்தது” என்கிறோம், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்கிறோம். இலக்கணத்திலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. புவெப்லோ ஒருமை வினையை ஏற்கும்: ஊர் எழுந்தது, ஊர் கொன்றது. ஆங்கிலத்தின் ‘பீப்பிள்’ பன்மை. பலர் சேர்ந்து செய்ததாகத்தான் அது சொல்லும். ஃபுவெந்தே ஒவெஹூனா மக்கள் நீதிபதிக்குச் சொன்ன பதிலின் உயிரே அந்த ஒருமையில் இருக்கிறது.

ஆனாலும் ஊரும் புவெப்லோவும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஜூலியன் பிட்-ரிவர்ஸ் என்ற ஆங்கில மானிடவியலாளர் அந்தலூசிய மலைப்பகுதியிலுள்ள கிராசலேமாவில் தங்கி ஆய்வு செய்து 1954இல் ‘தி பீப்பிள் ஆஃப் தி சியெரா’ என்ற நூலை வெளியிட்டார். புவெப்லோவின் வெவ்வேறு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று எப்படி நுழைந்து கிடக்கின்றன என்று அதில் அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். எளியவர்கள் என்ற பொருளில் அந்தச் சொல் வரும்போது பணக்காரர்கள் அதற்கு வெளியே போய்விடுகிறார்கள். தமிழில் ஊரும் சேரியும் என்று சொல்லும்போது வெளியே தள்ளப்படுபவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அங்கே சொல் மேலே இருப்பவரை விலக்குகிறது. இங்கே கீழே தள்ளப்பட்டவரை விலக்குகிறது. மொழிபெயர்ப்பவர் இந்த வேறுபாட்டை மறந்தால், அந்தலூசியக் கூலிக்காரரின் புவெப்லோவைச் சாதியூரின் நாட்டாமைக் கூட்டமாக ஆக்கிவிடுவார். பிட்-ரிவர்ஸின் நூலின் பின்னாளைய ஸ்பானியப் பதிப்பு ஒன்றில் ‘பீப்பிள்’ நீங்கி, ‘உன் புவெப்லோ தே லா சியெரா’ என்று தலைப்பு மாறியது. ஆங்கிலம் பிரித்ததை ஸ்பானியம் மறுபடி சேர்த்துக்கொண்டது.

ஸ்பெயினின் அரசியல் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் பயணம் தெரியும். காதிஸ் நகரில் எழுதப்பட்ட 1812 சட்டம் இறையாண்மையை ‘தேச’த்திடம் வைத்தது. 1931இன் குடியரசுச் சட்டம் எல்லா அதிகாரமும் புவெப்லோவிலிருந்து பிறக்கிறது என்றது. 1978இன் சட்டம் இரண்டையும் இணைத்து, தேசிய இறையாண்மை ஸ்பானிய புவெப்லோவிடம் இருக்கிறது என்கிறது. எந்தச் சொல் எந்த ஆண்டில் வைக்கப்பட்டது என்பதே அந்த நாட்டின் அரசியல் வரலாறு. ‘நேஷன்’, ‘பீப்பிள்’ என்று ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு போகிறவருக்கு, 1931இல் கிராமமும் கூலிக்காரரும் அந்த வாக்கியத்துக்குள் நுழைந்ததன் அதிர்வு கேட்காது.

ஸ்பானிய அரசியலிலிருந்து ஆங்கிலம் கடன்வாங்கிய சொற்களைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது ஒன்று என்னை உறுத்தியது. ‘ஹுந்தா’ ஆங்கிலத்தில் ‘ஜுண்டா’ ஆயிற்று. நெப்போலியனுக்கு எதிரான 1808-1814 போரிலிருந்து ‘கெரில்லா’ சென்றது. ‘லிபரல்’ என்பதை அரசியல் கட்சியைக் குறிக்கும் சொல்லாக ஆக்கியது காதிஸ் நாடாளுமன்றம்தான். ‘கௌதில்யோ’, ‘கசீக்கே’, அரண்மனைச் சதிக்கூட்டத்தைக் குறிக்கும் ‘கமரில்யா’, படை அதிகாரிகள் கிளர்ந்து அறிக்கை விடும் ‘ப்ரொனுன்சியமியெந்தோ’ எல்லாம் அப்படியே ஏற்கப்பட்டன. தலைவன், படை, சதி, கைப்பற்றல் ஆகியவற்றுக்கான சொற்கள் இவை. மக்களைக் குறிக்கும் சொற்களுக்கு அந்த மரியாதை பெரும்பாலும் கிடைக்கவில்லை. புவெப்லோவை ஆங்கிலம் கடன்வாங்கியது உண்மைதான். ஆனால் நியூ மெக்சிகோவின் தொல்குடிகளையும் அவர்களுடைய மண் வீடுகளையும் குறிக்க மட்டுமே. அரசியல் பொருள் எல்லையிலேயே நின்றுவிட்டது.

‘பியோன்’ இதற்கு விதிவிலக்கு. மெக்சிகோவின் பெரும் பண்ணைகளில் கடனுக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர் பியோன். இதன் போர்ச்சுகீசிய உறவுச்சொல்லான ‘பியாங்’, காலாள் என்ற பொருளோடு இந்தியக் கடற்கரைக்கு வந்து, அலுவலகக் கடைநிலை ஊழியரின் பெயராகி, தமிழில் ‘பியூன்’ என்று நிலைத்தது. மெக்சிகப் புரட்சி பற்றிய ஆங்கில நூலில் ‘பியோன்கள் பண்ணை வீடுகளுக்குத் தீ வைத்தனர்’ என்று வாசிக்கும் நம் ஊர்க்காரர் மனத்தில், கோப்பு தூக்கிக்கொண்டு நிற்கும் காக்கிச் சட்டைக்காரர் வந்துபோவார். தமிழில் அங்கே பண்ணையடிமை என்றோ பண்ணையாள் என்றோதான் எழுத வேண்டும்.

வசைச் சொற்களில்தான் மொழிபெயர்ப்பவரின் மனச்சாய்வு உண்மையில் வெளிப்படுகிறது. ஸ்பானியத்தில் இவற்றுக்குக் குறைவே இல்லை. ப்லேபே, வுல்கோ, போபுலாச்சோ, தூர்பா, கனாயா, சுஸ்மா. ஆங்கில நூல்களில் இவை அனைத்தும் ‘மாப்’ அல்லது ‘ராபிள்’ என்ற இரண்டே குப்பிகளில் ஊற்றப்பட்டுவிடுகின்றன. ஒவ்வொன்றின் ஊற்றும் வேறு. கனாயா இத்தாலிய வழி வந்தது; நாய்க் கூட்டம் என்பது அதன் வேர். சுஸ்மாவின் கதை இதைவிடக் கொடியது. துடுப்போட்டிகளுக்குத் தாளம் தரும் கட்டளைக் குரலைக் குறித்த கிரேக்கச் சொல், ஜெனோவா மாலுமிகளின் வாய்வழி ஸ்பானியத்துக்கு வந்து, போர்க்கப்பலில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் துடுப்புப் போட்ட அடிமைகளின் பெயராயிற்று. பிறகு கரையேறி நகரத்து ஏழைகளின் மேல் ஒட்டிக்கொண்டது. கொலம்பியாவில் அரசியல் தலைவர் ஹோர்ஹே எலியேசெர் கைத்தானின் பின்னால் திரண்டவர்களை மேட்டுக்குடியினர் சுஸ்மா என்றுதான் ஏசினார்கள். 1948 ஏப்ரல் 9 அன்று கைத்தான் பொகோத்தா வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் நகரம் எரிந்தது. அந்த நாளைப் பற்றி ‘மாப்’ என்று எழுதினால் கலவரம் மட்டும் தெரியும். துடுப்பும் சங்கிலியும் தெரியாது.

‘மாப்’ என்ற சொல்லே ஒரு தீர்ப்பு. நிலையற்ற கும்பல் என்ற லத்தீன் தொடரைச் சுருக்கி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் உண்டாக்கியது அது. 1766 மார்ச்சில் மாட்ரிட் நகரம் எழுந்ததை ஸ்பானியர் எஸ்கிலாச்சே ‘மொத்தீன்’ என்கிறார்கள். நீண்ட போர்வையையும் அகன்ற தொப்பியையும் தடைசெய்த அமைச்சர் எஸ்கிலாச்சேயின் ஆணை அதற்கு உடனடிக் காரணம். ரொட்டி விலை ஏறியிருந்தது அதன் அடியில் கிடந்த காரணம். அரசர் மூன்றாம் கார்லோஸ் தலைநகரை விட்டு அரான்ஹுவெஸ் அரண்மனைக்குப் போய்விட்டார். எளிய சனம் தானாக இப்படி எழும் என்று நம்ப அரசு தயாராக இல்லை. இரகசிய விசாரணை நடத்தி, பின்னணியில் இருந்தவர்கள் ஏசு சபையினர் என்று முடிவுகட்டி, 1767இல் அவர்களை நாட்டை விட்டே துரத்தியது. ஆங்கிலத்தில் இந்த நிகழ்வுக்கு ‘ரயட்ஸ்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மொத்தீன் என்ற சொல்லில் கப்பலில் தலைவனை எதிர்த்து எழுவதன் சாயலும் உண்டு; ‘ரயட்’ காவல்துறைக் குற்றப்பட்டியலின் சொல்.

இந்தப் போக்கைத் திருப்பியவர்கள் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர், ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே. ஜார்ஜ் ரூடே 1959இல் பிரெஞ்சுப் புரட்சியின் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘மாப்’ஐ விலக்கி ‘க்ரவுட்’ என்றார். காவல் பதிவேடுகளிலிருந்து அந்தக் கூட்டத்தில் இருந்த தச்சர், கொல்லர், கடைக்காரர்களை அடையாளம் காட்டினார். ஈ. பி. தாம்ப்சன் 1971இல் ஆங்கிலக் ‘கூட்ட’த்தின் அறப்பொருளாதாரம் பற்றி எழுதினார். இவர்கள் எழுத்து ஸ்பானியத்துக்குப் போனபோது ‘க்ரவுட்’, ‘முல்த்தித்தூத்’ ஆயிற்று. வசை நீங்கிய, பெருந்திரள் என்ற பொருளுடைய சொல். அதன் தொடர்ச்சியாகத்தான் சிலேயின் கப்ரியேல் சலசாரும் அர்ஹெந்தீனாவின் கப்ரியேல் தி மெக்லியோவும் ‘பாஹோ புவெப்லோ’ என்ற பழைய சொல்லை, ‘கீழ் ஊர்’ என்று நாம் சொல்லக்கூடியதை, ஆய்வுச் சொல்லாகத் தலைநிமிர வைத்தார்கள் என்று நினைக்கிறேன். இதை ஆங்கிலத்தில் ‘லோயர் கிளாசஸ்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். வர்க்கம் என்ற சொல் பிறக்காத காலத்துக்கு வர்க்கத்தை ஏற்றுவது அது.

1945 அக்டோபர் 17ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அர்ஹெந்தீனாவில் சிறைவைக்கப்பட்டிருந்த அரசியல் தலைவர் ஹுவான் பெரோனை விடுவிக்கக் கோரி, புவெனோஸ் ஐரெஸின் தெற்கே இறைச்சித் தொழிற்சாலைகளும் ஆலைகளும் இருந்த புறநகர்களிலிருந்து தொழிலாளர்கள் நடந்து வந்தார்கள். ரியாச்சுவேலோ ஆற்றுப் பாலங்கள் தூக்கப்பட்டபோது படகுகளில் கடந்தார்கள். மாயோ சதுக்கத்தின் நீரூற்றுத் தொட்டியில் களைத்த கால்களை நனைத்தபடி அவர்கள் உட்கார்ந்திருக்கும் நிழற்படம் இன்றும் அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் அவர்களைத் ‘தெஸ்கமிசாதோஸ்’ என்று இகழ்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரோன் அதையே பட்டமாக எடுத்துச் சூடிக்கொண்டார். அவர் மனைவி எவீத்தா அதை உறவு கொண்டாடும் விளியாக்கினார்.

ஆங்கிலத்தில் இதை ‘ஷர்ட்லெஸ் ஒன்ஸ்’ என்கிறார்கள். ஆங்கிலம் படிப்பவர் வெற்று மார்போடு நிற்கும் ஆட்களை நினைக்கிறார். அந்தப் படங்களில் சட்டை இல்லாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் சட்டையோடுதான் இருக்கிறார்கள். இகழ்ச்சி உடம்பைப் பற்றியது இல்லை. நகர மையத்துக்கு வருபவர் மேலங்கியும் கழுத்துப் பட்டையும் அணிந்துதான் வர வேண்டும் என்ற எழுதாத சட்டத்தை மீறியதைப் பற்றியது. சொல்லும் புதிதன்று. 1820-23இன் தாராளவாத ஆட்சிக் காலத்தில் ஸ்பெயினிலேயே தீவிரர்களை இப்படி அழைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் ‘சான் குலோத்’ அதற்கு முன்மாதிரி. சான் குலோத் என்பதைக் கால்சட்டை இல்லாதவர் என்று எந்த வரலாற்றாசிரியரும் பெயர்ப்பதில்லை. பிரெஞ்சு வடிவத்தையே வைத்துக்கொள்கிறார்கள். பாரிஸுக்குக் கிடைத்த அந்த உரிமை புவெனோஸ் ஐரெஸுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தமிழில் ‘சட்டையில்லாதவர்கள்’ என்று எழுதினால் தவறு இன்னும் பெரிதாகும், ஏனென்றால் நம் மண்ணில் மேற்சட்டைக்குத் தனிப் போராட்ட வரலாறே இருக்கிறது.

அதே கூட்டத்துக்கு இன்னொரு வசையும் உண்டு: ‘கபெசீத்தா நேக்ரா’. கருந்தலையன். உள்நாட்டு மாகாணங்களிலிருந்து வேலை தேடி வந்த கருமுடி, மாநிற மக்களைக் குறித்தது. அந்நாட்டில் அது தலை கறுத்த ஒரு சிறு பாடும் பறவையின் பெயரும்கூட. ‘கறுப்புத் தலை’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது பறவை பறந்துவிடுகிறது, நிறவெறி மட்டும் நிற்கிறது. ஸ்பானியத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் அந்த வசையின் நஞ்சு.

பெருங்கூட்டத்தைக் குறிக்கும் ‘மாசா’வுக்கு வருவோம். ஸ்பானிய மெய்யியலாளர் ஹோசே ஒர்தேகா இ காசெத் 1929இல் ‘எல் சோல்’ நாளிதழில் தொடராக எழுதத் தொடங்கி 1930இல் நூலாக்கிய ‘லா ரெபெலியோன் தே லாஸ் மாசாஸ்’, 1932இல் பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் மொழிபெயர்ப்பில் ‘தி ரிவோல்ட் ஆஃப் தி மாசஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, தெருவெல்லாம் வேலையற்றவர்கள் நின்ற ஆண்டு. ‘மாசஸ்’ என்றால் தொழிலாளர் என்றே ஆங்கில உலகம் புரிந்துவைத்திருந்தது. 1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் அந்தப் பெயரிலேயே இடதுசாரி இதழ் ஒன்று வந்தது. ஒர்தேகா சொன்னது அதுவன்று. தன்னிடம் எதையும் கேட்காமல், இருந்தபடியே நிறைவடைந்துவிட்ட சராசரி மனிதனையே அவர் மாசா என்றார். அவன் எல்லா வர்க்கத்திலும் உண்டு. தன் துறையில் ஒரு துணுக்கை மட்டும் அறிந்த விஞ்ஞானியை அவனுக்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அவருடைய மேட்டிமைப் பார்வையை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் தாக்கியது ஏழைகளை என்று எண்ணி அவரைப் போற்றுபவர்களும் தூற்றுபவர்களும் தலைப்பை மட்டும் வாசித்தவர்கள்.

ஆங்கிலப் பதிப்பின் குறை ஒரு அத்தியாயத் தலைப்பில் பளிச்சென்று தெரியும். ஒர்தேகாவின் பதினோராம் அத்தியாயம் ‘நிறைவடைந்த செஞ்ஞொரீத்தோவின் காலம்’ என்று பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் அது ‘தன்னிறைவுக் காலம்’ என்று சுருங்கிவிட்டது. ஆளையே காணோம். செஞ்ஞொரீத்தோ யார்? பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை, உழைக்காமல் உண்பவன், ஊரே தனக்குக் கடன்பட்டிருப்பதாக நினைப்பவன். தமிழில் அவனுக்குப் பெயர் ‘மைனர்’. சில்க் சட்டையும் வில்வண்டியுமாகத் திரிந்த நம் கிராமத்து மைனரை அறிந்தவருக்கு ஒர்தேகாவின் வாதம் ஒரு நொடியில் விளங்கும்: நாகரிகத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்று, அதை ஈட்டியவர் பாடு தெரியாமல் செலவழிப்பவனே மாசா. அவனைத் தலைப்பிலிருந்து நீக்கியதும், குற்றச்சாட்டு மேலிருந்து கீழ்நோக்கித் திரும்பிவிட்டது.

இதே ஒர்தேகா 1937இல், உள்நாட்டுப் போரால் நாட்டை விட்டு வெளியேறியிருந்தபோது, புவெனோஸ் ஐரெஸின் ‘லா நசியோன்’ நாளிதழில் மொழிபெயர்ப்பின் அவலமும் சிறப்பும் பற்றி எழுதினார். ஸ்பானியக் காடும் ஜெர்மானியக் காடும் ஒரே காடு அல்ல என்று அதில் வாதிடுகிறார். மொழிபெயர்ப்பு என்பது மூலநூலே அல்ல, அதை நோக்கிய ஒரு பாதை என்பது அவர் முடிவு. வாசகரை அவருடைய மொழிப் பழக்கத்திலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்கிறார். அவருடைய சொந்த நூலுக்குக் கிடைத்தது இதற்கு நேர்மாறான மொழிபெயர்ப்பு.

மாசா என்றால் ஸ்பானியத்தில் பிசைந்த மாவும்தான். ஆங்கில ‘மாஸ்’ஸுக்கும் வேர் அதுவே என்றாலும் மாவு என்ற பொருள் அங்கே என்றோ காய்ந்துபோயிற்று; பதிலுக்குத் தேவாலயப் பூசை அந்த ஒலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெருவின் கவிஞர் செசார் வயேஹோ 1937இல் எழுதிய ‘மாசா’ கவிதையில், போரில் இறந்துகிடக்கும் ஒருவனிடம் முதலில் ஒருவர் வந்து சாகாதே என்கிறார், பிறகு இருவர், பிறகு ஆயிரம், இலட்சம், கோடி என்று பெருகி, உலகத்து மனிதர் எல்லோரும் சூழ்ந்ததும் பிணம் எழுந்து நடக்கிறது. ஆங்கிலத் தொகுப்புகளில் தலைப்பு ‘மாஸ்’ என்று வருகிறது. உயிர்த்தெழும் கதைக்கு மேலே அந்தச் சொல் நின்றால் பூசை மணி ஒலிக்காமல் இருக்குமா? ஸ்பானியத்தில் பூசை ‘மீசா’. குழப்பத்துக்கு இடமே இல்லை. தமிழுக்கு ‘திரள்’ இருக்கிறது. மாவு திரள்வதும் வெண்ணெய் திரள்வதும் மக்கள் திரள்வதும் ஒரே வினை. இந்தக் கவிதைக்கு இதைவிடப் பொருந்தும் தலைப்பை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை. தமிழில் ‘மாஸ்’ என்றே எழுதிவிடவும் முடியாது; இன்று அது திரைநாயகனின் நடைக்குரிய அடைமொழியாகிவிட்டது.

ஒர்தேகா குறைபாடாகக் கண்ட மாசாவைப் பொலிவியாவின் சிந்தனையாளர் ரெனே சவலேத்தா மெர்காதோ அறிவின் பிறப்பிடமாகக் கண்டார். 1979 நவம்பரில் அங்கே படை அதிகாரி நாத்துஷ் புஷ் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு, தொழிலாளர் வேலைநிறுத்தத்தாலும் உழவர் சாலை மறியலாலும் 16 நாளில் முடிந்தது. அந்த நவம்பரை வைத்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘நவம்பரில் திரள்கள்’ என்பதுதான். தம் நாட்டுச் சமூகத்தை அவர் ‘அபிகர்ராதா’ என்றார்: பல காலங்களும் பல உற்பத்தி முறைகளும் ஒட்டாமல் அருகருகே கிடப்பது. அவருடைய கடைசி நூலை ஆன் ஃப்ரீலேண்ட் ஆங்கிலமாக்கி, 2018இல் கொல்கத்தாவின் சீகல் புக்ஸ் வெளியிட்டது. அதில் அபிகர்ராதா ‘மோட்லி’ ஆகிறது. கோமாளியின் பல நிற உடுப்பை நினைவூட்டும் சொல் என்றாலும் நல்ல தேர்வு. தமிழில் கதம்பம் என்று எழுதக் கை போகும். கதம்பம் மணக்கும், சவலேத்தா சொன்னது மணக்காது, உராயும்.

‘பொபுலார்’ என்ற அடைமொழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பானியத்தில் அது ‘எளிய மக்களுக்குரிய’. ஆங்கிலத்தில் ‘பலருக்குப் பிடித்த’. ‘பாப்புலர் கிளாசஸ்’ என்ற தொடரை ஆய்வுலகம் விடாமல் எழுதிப் பழக்கிவிட்டது. வெளியே உள்ளவர் இன்றும் விழிக்கிறார்.

கியூபாவின் ஃபிதெல் காஸ்த்ரோ 1953 அக்டோபரில் நீதிமன்றத்தில் தன் தரப்பை வாதிட்டபோது, தான் எதைப் புவெப்லோ என்று அழைக்கிறேன் என்பதை எண்ணிச் சொன்னார். வேலையில்லாதவர் 6,00,000, பண்ணைக் கூலிகள் 5,00,000, ஆலைத் தொழிலாளர் 4,00,000, சிறு உழவர் 1,00,000, ஆசிரியர் 30,000, சிறு வணிகர் 20,000, வேலை தேடும் இளம் பட்டதாரிகள் 10,000. ‘பீப்பிள்’ என்ற சொல்லுக்கு யாரும் இப்படிக் கணக்குக் கொடுப்பதில்லை. எதிர்முனையில், 1936 ஜூலையில் படைத்தளபதிகள் குடியரசைக் கவிழ்க்கக் கிளம்பியதை அவர்களே ‘அல்சமியெந்தோ’, எழுச்சி, என்று பெயரிட்டுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது ‘அப்ரைசிங்’ என்று வரும் இடமெல்லாம், படைமுகாம் செய்த காரியத்துக்கு மக்களின் பெயர் வைக்கப்படுகிறது. மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரை அப்படியே விடுங்கள். பிறர் அவர்களுக்கு இட்ட பெயரையும், ஆட்சியைப் பிடித்தவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரையும் பெயர்த்து, யார் சொன்னது என்று தெரியும்படி எழுதுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு நான் சொல்லக்கூடிய விதி இது ஒன்றுதான்.

லத்தீன் அமெரிக்க எழுத்து தமிழுக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே என்பதால் இதெல்லாம் நம் சிக்கலும்கூட. மெக்சிக நாவலாசிரியர் மரியானோ அசுவேலா, புரட்சியின்போது பான்சோ வில்யா தரப்புப் படையில் மருத்துவராக இருந்தவர். தோல்வியோடு எல்லை கடந்து, 1915இல் டெக்சாஸின் எல் பாசோ நகரப் பத்திரிகை ஒன்றில் ‘லோஸ் தே அபாஹோ’ நாவலைத் தொடராக எழுதினார். கீழே இருப்பவர்கள் என்பது மட்டுமே அதன் பொருள். என்ரீக்கே முங்கியா 1929இல், ஒரோஸ்கோவின் ஓவியங்களோடு, அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது ‘தி அண்டர்டாக்ஸ்’ என்று தலைப்பு வைத்தார்; பின்வந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் அதையே தொடர்ந்தார்கள். நாய்ச் சண்டையில் கீழே விழுந்த நாய் அது. அசுவேலாவின் மனிதர்கள் எந்தப் பந்தயத்திலும் தோற்றவர்கள் அல்லர். மேலே ஆட்கள் இருந்ததால் கீழே இருந்தவர்கள். இந்த நாவலைத் தமிழாக்க எண்ணும் நண்பர்களே, தலைப்பை ஆங்கில அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். ‘கீழே இருப்பவர்கள்’ என்றே வையுங்கள்.